பல்லுக்குள் போய்ச் சேராத மாத்திரை

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்துகொண்டேன். நான்கு மாதங்களாக அங்கே வலியும் ஈறில் சின்னக் கொப்புளமும் வந்து வந்து போகின்றன. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நிறுத்திய பத்தாம் நாள் திரும்பிவிடுகிறது. கொப்புளத்துச் சீழைப் பரிசோதித்ததில் ‘என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ்’ என்று வந்தது. பல மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது அடங்காது) என்று போட்டிருக்கிறார்கள். எதற்கும் அடங்காத கிருமியா இது? இன்னும் வீரியமான ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஊசியும் வேண்டாம், மூன்றாவது கோர்ஸும் வேண்டாம்.

நீங்கள் விழுங்கும் மாத்திரை ரத்தத்தோடு ஓடித்தான் கிருமியைப் பிடிக்க வேண்டும். ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பையும் ரத்தக் குழாயையும் எடுத்தாகிவிட்டது. ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எந்த வழியாகப் போகும்? வேர் நுனிக்கு வெளியே எலும்பில் கசிந்த சீழை அது கொஞ்சம் அடக்கும். உங்களுக்குக் கிடைத்த பத்து நாள் நிம்மதி அதுதான். உள்ளே குடியிருப்பவை நகரவில்லை.

அந்த ‘ஆர்’ வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளையும் கிளிண்டமைசினையும் இந்தக் கிருமி பிறவியிலேயே தாங்கும். நீங்கள் சாப்பிட்டதால் வந்த புத்தி இல்லை அது. பல்வலி என்றால் பலரும் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் ஆக்ஸிஜன் பிடிக்காத கிருமிகளைத்தான் கொல்லும். இதன்மேல் அதற்கு வேலையே இல்லை. அதே காகிதத்தில் ஆம்பிசிலினுக்கு நேரே ‘எஸ்’ (சென்சிடிவ், அதாவது அடங்கும்) இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். மருந்துக்குச் சாகும் கிருமிதான். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் அது கண்ணாடித் தட்டில் மருந்துக்கு நேரே நிற்கிறது. பல்லுக்குள் பாசிபோல் வேர்ச்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு, சாப்பாடு இல்லாமலும் நாள் கடத்துகிறது. நாங்கள் உள்ளே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையின் காரத்தைக்கூடச் சமாளிக்கிறது.

ஆகவே இது கழுவித் தீர்க்க வேண்டிய விஷயம். பல்லைத் திறந்து, கட்டா பெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பழைய அடைப்பை எடுத்து, முதல் முறை விட்டுப்போன கால்வாய் இருந்தால் அதையும் தேடிப் பிடித்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினியால் நிதானமாகக் கழுவி, மறுபடி அடைக்க வேண்டும். மேலே கேப் கசிந்தால் எச்சில் இறங்கிப் பழைய கதைதான். மறுசிகிச்சையும் பலிக்காவிட்டால் ஈறு வழியாகப் போய் வேர் நுனியை வெட்டும் சிறு அறுவை இருக்கிறது.

இதைச் சொல்ல ஏன் நான்கு மாதம் ஆனது என்று கேட்பீர்கள். மாத்திரை எழுத அரை நிமிடம் போதும். நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பழைய அடைப்பைத் தோண்ட ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். காத்திருப்பவர் வரிசை வாசல் வரை நிற்கும்போது எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருந்துக்கடை கவுண்டர் இன்னொரு கண்ணி. ‘ஹை பவர் இருக்கு, மூணு நாள் போடுங்க’ என்பவர் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் இல்லை. அந்த மூன்று நாளில் பல்லுக்கு ஒரு பயனும் கிடையாது. குடலில் இருக்கும் என்டிரோகாக்கஸ்களுக்குத்தான் பயிற்சி. எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கொன்று கை மாற்றிக்கொள்வதில் இவை கெட்டிக்காரர்கள். அப்படித்தான் 1980களில் கடைசி ஆயுதங்களில் ஒன்றாக வைத்திருந்த வான்கோமைசின் மருந்துக்கே அடங்காதவை மருத்துவமனைகளில் தலைகாட்டின. நீங்கள் பயப்பட வேண்டிய எதிர்ப்பு அங்கே வளர்கிறது. மூன்றாவது ஆள் இன்னும் இனிக்கப் பேசுவார்: ‘பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சிடலாம், நல்ல இடம் எனக்குத் தெரியும்.’ எக்ஸ்ரே எடுக்கும் முன்பே பிடுங்கச் சொல்பவருக்கு உங்கள் பல்லைவிட வேறு ஏதோ முக்கியம்.

காய்ச்சல் வந்தால், வீக்கம் முகத்துக்கோ தாடைக்கு அடியிலோ பரவினால், விழுங்க முடியாமல் போனால் கணக்கே வேறு. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கே ஆன்டிபயாடிக் அவசியம்.

செயற்கை இதய வால்வு வைத்திருப்பவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி (இதயத்தின் உட்பூச்சில் கிருமி தொற்றுவது) வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் போன்ற சிலர் மட்டும் மறுசிகிச்சைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஒரே ஒரு வேளை மருந்து எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம். ஒரு வேளைதான், ஐந்து நாள் கோர்ஸ் கிடையாது. ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ரத்த அழுத்தக்காரர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ‘ஹார்ட் பேஷன்ட்’ என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்து வாரக்கணக்கில் மருந்து கொடுக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முன்பு தந்த கிளிண்டமைசினை அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் விலக்கிவிட்டது. இன்னும் பழைய சீட்டையே எழுதுகிறவர்கள் உண்டு. வால்வுக்காரர்கள் தங்கள் இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி வரட்டும்.

நீங்கள் வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சிவப்பு கேப்ஸ்யூல்’ என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.