வீட்டு முற்றத்தில் மொரிஸ் மைனரின் சஸ்பென்ஷன் மாற்றுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

என்னிடம் இருப்பது 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 948 சிசி. அப்பாவின் கார். பெற்றோல் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. முன்பக்க சஸ்பென்ஷனை இரண்டு தரமும் பின்பக்கத்தை ஒரு தரமும் வீட்டு முற்றத்தில், மாமர நிழலில் வைத்து நானே மாற்றியிருக்கிறேன். அது தெரிந்து பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி): அண்ணை, கார் ரோட்டில் குதிக்குது. நாலு ஷொக் அப்சோபரையும் மாற்றினால் சரியாகுமா? எங்கே தொடங்குவது?

தம்பி, ஷொக்கில் தொடங்காதீர்கள். முன் சில்லு திரும்புகிற அச்சான கிங் பின்னையும், அதன் கீழே அதைப் பிடித்திருக்கிற ட்ரன்னியனையும் முதலில் பாருங்கள். ஷொக் செத்தால் கார் குதிக்கும், அவ்வளவுதான். ட்ரன்னியன் போனால் சில்லே கழன்று மட்கார்டுக்குள் மடங்கிவிடும்.

ஏன் என்று விளங்கிக்கொள்வது நல்லது. மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. காரின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கம்பி போகிறது, அதுதான் டோர்ஷன் பார், அது முறுக்கிக்கொண்டு கீழ் ஆர்மை நிலத்தை நோக்கி அமுக்குகிறது, அந்த ஆர்மின் நுனியில் ட்ரன்னியன், ட்ரன்னியனுக்குள் கிங் பின் புரி போட்டு இறங்கியிருக்கிறது. கார் நிற்கும்போது சில்லு பின்னை மேலே தள்ளுகிறது, ஆர்ம் ட்ரன்னியனைக் கீழே இழுக்கிறது. காரின் முன்பாரம் முழுவதும் அந்தப் புரியில்தான் தொங்குகிறது! கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்தால் ஒருநாள் கிங் பின் உருவிக்கொண்டு வந்துவிடும்.

எனக்கு அது நடந்தது கொக்குவிலில், ஒரு ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது. ‘டக்’ என்று ஒரு சத்தம், மட்கார்ட் ரயரில் வந்து குந்திவிட்டது. நடை வேகம் என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு கிழமைக்கு முன்னர்தான் ஒரு கராஜில் விட்டு, எல்லாவற்றுக்கும் கிறீஸ் அடித்தாயிற்று என்று சொல்லித் தந்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் கிறீஸ் அடிக்கிற வாயான நிப்பிளுக்குள் பழைய கிறீஸ் கல்லாக இறுகிக் கிடந்தது, புரி முழுக்கச் சிவப்பாகக் கறள் தூள். கிறீஸ் அந்த வழியால் பல வருடமாகப் போயிருக்கவே முடியாது. அன்றிலிருந்து அந்த வேலையை யாருக்கும் கொடுப்பதில்லை.

கேள்வி (வவுனியா): தேய்ந்துவிட்டதா என்று கழற்றாமல் எப்படிப் பார்ப்பது?

ஜக்கைக் கீழ் ஆர்மின் நுனிக்குக் கீழே, ட்ரன்னியனுக்குக் கிட்டவாகக் கொடுத்து, சில்லு நிலத்தை விட்டு ஒரு விரல் எழும்பும் அளவுக்குத் தூக்குங்கள். பொடிக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால் சரிவராது. இப்போது ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கை விட்டு மெதுவாக மேலே நெம்புங்கள். இன்னொருவர் ரோர்ச் அடித்து, கிங் பின்னும் ட்ரன்னியனும் சேரும் இடத்தையே பார்க்க வேண்டும். கிங் பின் மேலும் கீழும் கண்ணுக்குத் தெரிய அசைந்தால் மாற்றுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டுவது மட்டும் போதாது, அதில் பெயரிங் ஆட்டமும் சேர்ந்து வரும். யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் கிங் பின் பக்கம்.

கேள்வி (நல்லூர்): ஐயா, டோர்ஷன் பார் அடித்து ஆளைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பயம் இருப்பது நல்லதுதான். காரை இரண்டு ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் தலையைக் கீழே விட வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த, அகலமான பனங்குற்றி வைத்தாலும் பரவாயில்லை, சீமெந்துக் கல் மட்டும் வேண்டாம். அது வெடித்துத் தூளாகும்போது முன்னறிவிப்பே தராது. முற்றம் மணலென்றால் கீழே தடித்த பலகை போடுங்கள்.

வேலை இப்படி: சில்லைக் கழற்றி, ஜக்கைக் கீழ் ஆர்மின் நுனியில் கொடுத்து, ஆர்மைத் தூக்கிப் பாரத்தை ஜக்கில் ஏற்றுங்கள். பிறகு கிங் பின்னின் மேல் முனையில் இருக்கிற மேல் ட்ரன்னியனை ஷொக்கின் கையிலிருந்து (மைனரில் அதுதான் மேல் ஆர்ம்) விடுவியுங்கள். இப்போது ஆர்மைப் பிடித்திருப்பது ஜக் மட்டும்தான். ஜக்கை மெல்ல மெல்ல இறக்க, ஆர்ம் நீங்கள் நினைப்பதைவிட நிறையக் கீழே வரும், பாரின் முறுக்கு அவிழ்ந்து ஓய்ந்துவிடும். அந்த நேரம் முகத்தையும் காலையும் ஆர்மின் பாதையில் வைக்காதீர்கள். கிங் பின் மாற்றுவதற்கு இந்தளவு போதும், பாரைக் கழற்றத் தேவையில்லை. பிரேக் ஹோஸில் பாரம் தொங்கவிடாமல் ஹப்பைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

பாரையே கழற்றுகிறீர்கள் என்றால் இடது எது வலது எது என்று பெயின்ட் அடித்து வையுங்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகிய பாரை மறுபக்கம் போடக்கூடாது. சுத்தியலால் அடிப்பது, வைஸில் நெரிப்பது, பைப் ரெஞ்சால் பிடிப்பது எல்லாம் கூடாது. சின்னக் கீறலில்தான் வெடிப்புத் தொடங்கும்.

கேள்வி (மானிப்பாய்): புது ட்ரன்னியன் புரியில் ஏறுதே இல்லை. பிழையான சாமான் தந்துவிட்டார்களா?

அநேகமாக மற்றப் பக்கத்துச் சாமானைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி. பலவந்தம் பண்ணாமல் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கையாலேயே ஏற வேண்டும். முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாக ஒடியும்போது எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகே மற்றதைப் பூட்டுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): கிறீஸ் எத்தனை நாளுக்கு ஒருதரம்?

நான் 1000 மைலுக்கு ஒருதரம் அடிக்கிறேன். குறைய ஓடுகிற கார் என்றால் மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம். சில்லைத் தூக்கிப் பாரம் எடுத்துவிட்டு அடியுங்கள், அப்போதுதான் புரிக்குள் போகும். பழைய கறுத்த கிறீஸ் வெளியே வந்து, அதற்குப் பின்னால் புதியது எட்டிப்பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள். போகவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், மலிவான சாமான்.

கேள்வி (திருகோணமலை): பழைய லீவர் ஷொக்கை எறிந்துவிட்டு, இந்தக் காலத்துக் குழாய் ஷொக் போடுவம் என்று பார்க்கிறேன். உங்கள் அபிப்பிராயம்?

முன்பக்கத்தில் அதை எறிய முடியாது, பலருக்கு இது கிட் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. மைனரில் லீவர் ஷொக்கின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். குழாய் ஷொக் பூட்டினாலும் பழையது அந்த இடத்திலேயே இருந்து சில்லைத் தாங்க வேண்டும், அதன் அச்சு ஆடினால் புது ஷொக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே பழையதை முதலில் சீராக்குங்கள். மேலே உள்ள மூடியைச் சுற்றித் தூசி மண்ணைத் துடைத்துவிட்டுத் திறந்து, மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு விடுகிற ஒயிலை விடுங்கள். என்ஜின் ஒயிலோ பிரேக் ஒயிலோ விட வேண்டாம். கையை மேலும் கீழும் ஆட்டிக் காற்றை எடுத்துத் திரும்ப நிரப்புங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வந்தால் நல்ல ஷொக். சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள், ‘கட கட’ சத்தம் பாதிப்பேருக்கு அங்கேதான். இதெல்லாம் செய்த பிறகும் குழாய் ஷொக் வேண்டுமென்றால் பின்பக்கத்துக்குப் போடுங்கள், அங்கே வித்தியாசம் தெரியும்.

கேள்வி (வெள்ளவத்தை, அதே தங்கச்சி): என்னுடையது 948. ஒரு 1098 சிசி மைனரின் முன்பக்கம் முழுதாகக் கழற்றி விற்பனைக்கு இருக்கிறது, வாங்கலாமா?

பூட்டலாம். ஆனால் 1098இல் முன் பிரேக் ட்ரம் 8 இஞ்சி, உங்களுடையது 7 இஞ்சி. பிரேக் தட்டு, சிலிண்டர், ட்ரம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கமும் வாங்கினால் நல்ல பிரேக் கிடைக்கும். பாதி பாதியாக வாங்காதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): பின் ஸ்பிரிங் தணிந்து கார் குந்தி நிற்கிறது. பிளேட்டை மட்டும் அடித்து வளைத்துப் போடலாமா?

அடித்து வளைத்த பிளேட் கொஞ்ச நாளில் திரும்பத் தணியும், நான் ஒருக்கால் செய்து பார்த்துக் கவலைப்பட்டேன். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். அதற்கு முன்னர் ஒன்று: ஸ்பிரிங்கின் முன் கண் பூட்டியிருக்கிற இடத்தில், பின் சீற்றுக்குக் கீழே உள்ள தகட்டைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறள் தின்ற தகட்டில் புது ஸ்பிரிங் பூட்டுவது வீண். திருப்புளி உள்ளே போனால் முதலில் வெல்டிங், பிறகு ஸ்பிரிங்.

கழற்றும்போது பொடியை ஸ்டாண்டிலும் அக்ஸிலைத் தனி ஜக்கிலும் வையுங்கள். யூ-போல்ட்டுகள் புதிதாகப் போடுங்கள். றப்பர் புஷ் போகிற போல்ட்டுகளைக் காற்றில் தொங்கும்போது இறுக்க வேண்டாம், கார் நாலு சில்லில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் றப்பர் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு யூ-போல்ட்டை இன்னொருதரம் இறுக்குங்கள்.

கேள்வி (நல்லூர்): எல்லாம் பூட்டியாச்சு ஐயா, ஆனால் முன்பக்கம் வலது பக்கம் ஒரு இஞ்சி பதிவு!

பாரின் பின் முனையில் இருக்கிற லீவரில் துளைகள் இருக்கும், துளை மாற்றி உயரத்தைச் சரிக்கட்டலாம். அது போதாவிட்டால் பாரின் பல்லை ஒன்று தள்ளிப் போட வேண்டும். அளக்க முன்னர் கொஞ்சத் தூரம் ஓடி, சமமான தரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புக்கு அளவெடுங்கள். பின் ஸ்பிரிங் ஒன்று தணிந்தாலும் எதிர் மூலை முன்பக்கம் பிழையாகக் காட்டும், அதையும் பாருங்கள். உயரம் மாறினால் சில்லுகளின் சாய்வும் மாறும், முன் சில்லுகளின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட 3/32 இஞ்சி உள்ளே பார்க்க வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): சாவி எல்லாம் மில்லிமீற்றரில்தான் இருக்கு. சமாளிக்கலாமா?

வேண்டாம். அரை இஞ்சி நட்டுக்கு 13 போட்டால் அது சும்மா கொஞ்சம் இளக்கமாக இருக்கும், கறள் பிடித்த நட்டில் அந்த இளக்கம்தான் மூலையை உருட்டிவிடும். 9/16க்கு 14 ஏறவே ஏறாது. இஞ்சிச் சாவி ஒரு செட் இரவல் வாங்குங்கள், முதல் நாள் பின்னேரமே எல்லா நட்டுக்கும் ஊடுருவுகிற ஒயில் விட்டு வையுங்கள். காலையில் தொடங்கினால் ஒரு பக்கம் மத்தியானத்துக்குள் முடியும். மற்றப் பக்கத்தைக் கழற்றாமல் விடுங்கள், எது எப்படிப் பூட்டியிருந்தது என்று மறந்தால் போய்ப் பார்ப்பதற்கு.