தோட்டம் கேள்வி–பதில்: சூசன் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: மஞ்சள் இதழும் நடுவில் கறுப்புக் குமிழுமாக இருக்கும் பிளாக் ஐட் சூசன் மேல் ஆசைப்பட்டு விதை வாங்கினேன். கோடையில் தொட்டியில் விரலால் குழி போட்டு விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கள் வெயிலுக்கு இந்தச் செடி வராதா?

பதில்: தாராளமாக வரும். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட்டால்தான் இது நிறையப் பூக்கும். உங்களைக் கெடுத்தது அந்தக் குழிதான். விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள்: கறுப்பாக, ஒல்லியாக, ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளம். முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். புதைத்துவிட்டால் மேலே வரத் தெம்பும் இருக்காது.

அடுத்த முறை கோடை தணிந்த பிறகு விதையுங்கள். 20 முதல் 25 டிகிரி வெப்பம் இதற்கு ரொம்பவே தோது. சலித்த தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்து தட்டில் நிரப்பி, முதலில் நனைத்துவிடுங்கள். அப்புறம் விதையை மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும், மேலே மண் வேண்டாம். தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்பிரேயரால் புகைபோலத் தெளியுங்கள். முளைக்கும்வரை மேல்மண் ஒரு மதியம்கூடக் காயக் கூடாது. அதனால் தட்டு நிழலில், ஆனால் நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும்.

சொர சொரவென்று முடி படர்ந்த இலைகள் நாலைந்து வந்ததும் எடுத்து, ஓரடிக்கு ஒன்றாக நடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் பூ பார்க்கலாம். உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும்.

ஒரு சந்தேகம்: இதுவரை சொன்ன சூசனின் தாவரப் பெயர் ருட்பெக்கியா; உங்கள் பாக்கெட்டில் இருந்தது அதுதானா? துன்பெர்ஜியா என்ற கொடிக்கும் இதே பெயர் உண்டு. அதன் விதை மிளகுபோல உருண்டு பெரிதாக இருக்கும். அதை மட்டும் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

கேள்வி: சூசன் இலைகளில் வெள்ளையாக மாவு தூவியதுபோல இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சாம்பல் நோய். செடிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று நினைக்கிறேன். அதிகம் பாதித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், காற்று புக இடம் விடுங்கள், தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடுங்கள். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளினால் புது மொட்டு வரும். கடைசியில் பூக்கும் நாலைந்தை மட்டும் செடியிலேயே காய விடுங்கள். குமிழ் நன்றாக உலர்ந்ததும் காகிதத்தில் உதிர்த்தால், அடுத்த விதைப்புக்கு விதை தயார்.