ஒரே சட்டிச் சமையல், அவருக்கு 5 கிலோ, உங்களுக்கு ஒன்றரை: ஏன்?

இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டில் இரண்டு கிழமை கீட்டோ (மாச்சத்தை நல்லாய்க் குறைத்துக் கொழுப்பைக் கூட்டின சாப்பாடு) இருந்தும் உங்களுக்கு ஏன் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது என்று கேட்டிருந்தியள். உங்கட அவருக்குக் குறைந்த 5 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர்தான், கொழுப்பில்லை. அதோட உங்கட ஒன்றரைக் கிலோவை ஒப்பிடாதேங்கோ.

ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக அரைக்கிலோவளவு மாச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, புட்டை நிற்பாட்டினதும் இரண்டும் சேர்ந்து இறங்கும். தசை கூடின உடம்பில் இந்தச் சேமிப்பும் கூடுதலாக இருக்கும். மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் பெண்களுக்கு நீர் தேங்குவதால், தராசு அசையாமலும் நிற்கும்.

உங்கட விஷயத்தில் எனக்குச் சந்தேகம் சாப்பாட்டின்ர அளவில்தான். சின்ன உடம்புக்குத் தேவை குறைவு, கோப்பையில் போடுகிற அளவோ இரண்டு பேருக்கும் ஒன்று. தேங்காய் முதற்பாலில் வைத்த சொதி ஒரு கப் 400 கலோரியைத் தாண்டும். பின்னேரம் கொறிக்கிற ஒரு கைப்பிடி கச்சான், 30 கிராம், இன்னும் 170.

ஒரு கிழமைக்கு இதைச் செய்து பாருங்கோ:
1. பால், எண்ணெய், கச்சான் மூன்றையும் அளந்து எழுதுங்கோ.
2. ஒடியல் மா, பனங்கிழங்கு இருந்தால் நிற்பாட்டுங்கோ. பனை என்றாலும் அது மாச்சத்துதான்.
3. காலையில் வெறுவயிற்றில் தொப்புள் மட்டத்தில் இடுப்பை நூல்நாடாவால் அளவுங்கோ. எடை நின்றாலும் இடுப்பு குறைந்தால் கொழுப்பு போகுது.

நீரிழிவுக்கோ பிரஷருக்கோ இரண்டு பேரில் ஆராவது மருந்து எடுத்தால், முக்கியமாக இன்சுலின் அல்லது கிளிக்லசைட் (சீனியை இறக்கிற குளிசை) என்றால், இன்றைக்கே வைத்தியரிட்டைச் சொல்லுங்கோ. மாச்சத்தைக் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே மருந்தைப் போட்டால் சீனியோ பிரஷரோ ஆபத்தாக இறங்கலாம்.