சீசன் முடிந்துவிட்டது, சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது

கேள்வி: அண்ணே, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். 'தி ஃபேமிலி மேன்' இந்தி உளவுத் தொடரின் மூன்றாவது சீசனுக்காகவே பிரைம் வீடியோ சந்தா போட்டேன். வீட்டுக்காரர் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்து பார்த்தார். ஏழு எபிசோடும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடைசியில் வில்லன் ருக்மா தப்பிவிடுகிறான், நம்ம உளவாளி ஸ்ரீகாந்த் காயத்தோடு விழுந்து கிடக்கிறான், அத்தோடு சரி! காசு கட்டிப் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்று வேலை இல்லையா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? டவுன் கைப்பேசிக் கடையில் ஒரு வருடத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), பார்க்க ஒரு கணக்கின் ஐடியும் பாஸ்வேர்டும் தருகிறோம் என்கிறார்கள். அடுத்த சீசன் வரும்வரை அதை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: தங்கச்சி, முதலில் நானும் உங்கள் கட்சிதான். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்து இன்னும் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

முதல் சீசனிலும் இதே வேலையைத்தான் செய்தார்கள். 2019 செப்டம்பரில், டில்லி ரசாயன ஆலையில் விஷவாயு கசிந்துகொண்டிருக்கும்போதே கதையை அறுத்துவிட்டு, 2021 ஜூன் வரை நம்மைக் காக்க வைத்தார்கள். அப்போது எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. இரண்டாவது சீசன்தான் நம்மைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். ராஜி என்ற ஈழப் போராளிப் பெண்ணைக் காட்டிய விதத்தில் தமிழர்கள் பலருக்குக் கோபம் இருந்தது, அது தனிக் கதை, ஆனாலும் எடுத்த கதையை அங்கே முடித்தார்கள், செல்லம் சார் என்று ஒரு மனுஷரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த முறை ஸ்ரீகாந்தின் மேலதிகாரி குல்கர்னி செத்து, சொந்த இலாகாவே ஸ்ரீகாந்தைத் தேட, ருக்மாவாக ஜெய்தீப் அலாவத் அப்படி ஒரு வில்லனாக வந்து நிற்க, இலை போட்டு, கூட்டு பொரியல் எல்லாம் வைத்து, சோறு மட்டும் அடுத்த பந்தியில் என்றால் எப்படி? விஜய் சேதுபதி தலையைக் காட்டியபோது கைதட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, காசு விஷயம். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. நம் மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையை ஒழுங்காகத் தந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள், கதையை ஒழுங்காக முடித்தார்களா என்று பார்க்க மாட்டார்கள். சந்தாவை நிறுத்திய பிறகும் காசு எடுத்தால், தருவதாகச் சொன்னதைத் தராவிட்டால், அதுதான் புகார். அதற்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை.

அடுத்த சீசனுக்காகச் சந்தாவை விட்டு வைப்பது வீண். இரண்டாவது சீசன் 2021 ஜூன், மூன்றாவது 2025 நவம்பர். நடுவில் 53 மாதம்! அத்தனை மாதமும் காசு போயிருந்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், 2024 மார்ச்சிலிருந்து சேவை வரி 8 விழுக்காடு ஆகிவிட்டது, அதையும் சேர்த்து. இன்றைக்கே நிறுத்துங்கள். ஒன்று, ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம் பக்கம் பல பேர் நினைக்கிறார்கள், நிற்காது. கணக்குக்குள் போய் ரத்து செய்ய வேண்டும், கைப்பேசி பில் வழியாகப் போட்டிருந்தால் அங்கே. ரத்தானதாக வரும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்த 50 வெள்ளி ஐடி. வேண்டவே வேண்டாம். நான் பட்டவன். ஒரு கடையில் இதே மாதிரி வாங்கினேன், துண்டுக் காகிதத்தில் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் பேனாவில் எழுதிக் கொடுத்தார்கள், ரசீது கிடையாது. மூன்றாவது மாதம் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. போய்க் கேட்டால், 'யாரோ மாத்திட்டாங்க அண்ணே, புதுசு போட்டுத் தரவா, இன்னொரு 50' என்கிறான் பையன்! ஒரே கணக்கை ஊரில் எத்தனை பேருக்கு விற்றானோ. இப்படி விற்பதை அந்த நிறுவனங்களே அனுமதிப்பதில்லை, ஆகவே அங்கேயும் போய் நியாயம் கேட்க முடியாது. கையில் ரசீதும் இல்லாமல் நடுவர் மன்றத்தில் எதைக் காட்டுவது?

நான்காவது சீசன் வந்தாலும் முதல் நாளே பாயாதீர்கள். இந்தத் தொடரில் எல்லா எபிசோடையும் ஒரே நாளில்தான் விடுகிறார்கள், ஒரு மாதச் சந்தா தாராளம். ஒரு வாரம் பொறுங்கள், பார்த்தவர்களிடம் ருக்மா கதையை முடித்தார்களா என்று மட்டும் கேளுங்கள். முடித்தார்கள் என்றால் காசைக் கட்டுங்கள். வீட்டுக்காரருக்கு லீவு உள்ள வாரமாகப் பார்த்து.