டிரவுட் மீனுக்கு நீங்கள் விரும்பிக் கட்டும் ஈ எது? எப்படிக் கட்டிப் பிடிக்கிறீர்கள்?

ஈ என்றால் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி. எனக்குப் பிடித்தது கௌதாரி இறகும் ஆரஞ்சு நூலும் சேர்த்துக் கட்டும் ஈ. வட இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறைகளாகக் கட்டிவருவது. மிதக்காமல் தண்ணீருக்குள் ஓடும் வகை. ஹிமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் டெல்லி மயூர் விஹார் வீட்டில், சாப்பாட்டு மேசையில், இரவு இதுதான் என் வேலை.

நம் நாட்டில் கௌதாரியை வேட்டையாடுவது குற்றம். அதனால் நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்து இறகைத்தான் வைத்துக் கட்டுகிறேன். ஐஎன்ஏ மார்க்கெட் கோழிக்கடைக்காரர் எனக்காக எடுத்து வைப்பார். சேவல் இறகு வேண்டாம், விறைப்பாக நிற்கும். பெட்டை இறகு ஓட்டத்தில் விரிந்து விரிந்து மூடும். மேலே நீந்தி வரும் பூச்சியின் கால்கள் போலவே இருக்கும்.

14ஆம் நம்பர் தூண்டில் முள். ஆரஞ்சுப் பட்டு நூலை முள்ளின் காதருகே தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வளைவு வரை சுற்றி, திரும்பி வாருங்கள். உடம்பு அவ்வளவுதான். பட்டு நனைந்தால் நிறம் அடர்ந்துவிடும், அந்த நிறம்தான் வேண்டும். அப்புறம் இறகின் நுனியைக் கட்டி இரண்டே சுற்று. மூன்றாவதற்குக் கை போகும், நிறுத்திவிடுங்கள். முதல் வருஷம் நான் அடர்த்தியாகக் கட்டியவற்றை மீன் சீண்டவே இல்லை. கடைசியில் முடிச்சு, அதன்மேல் ஒரு துளி நெயில் பாலிஷ்.

நான் போவது ஹிமாச்சலின் தீர்த்தன் நதிக்கு. டெல்லியில் இரவு பஸ் ஏறினால் காலையில் ஔட் சாலைச் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கி, பஞ்சார் வழியாகப் போகலாம். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம். பனி உருகித் தண்ணீர் கலங்குவதற்கு முன், மார்ச், ஏப்ரலில் போய்விடுங்கள்.

எதிர்க்கரையை நோக்கி, கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வீசுங்கள். தூண்டில் நரம்பை ஒருமுறை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, சும்மா இருங்கள். ஈ தானாக வளைந்து நம் கரைக்கு வரும். நேர் கீழே வந்து நின்றதும் எடுத்துவிடாதீர்கள். ஓட்டம் அதை மெல்ல மேலே தூக்கும். பத்து வரை எண்ணுங்கள். எனக்குக் கிடைத்த மீன்களில் பாதிக்கு மேல் அந்தப் பத்துக்குள் கடித்தவைதான். கடித்ததும் சுண்டி இழுக்காமல் கோலை உயர்த்தினாலே போதும், முள் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

போன ஏப்ரலில் ஒரு பாறைக்குக் கீழே எட்டு எண்ணும்போது கோல் வளைந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். பழுப்பு டிரவுட், விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிர் வளையம். முள்ளில் பின்னோக்கி நிற்கும் செதிலை வீட்டிலேயே நசுக்கியிருந்ததால் ஒரே திருப்பில் கழன்றது. கொஞ்ச நேரம் என் விரல்களுக்கிடையே நின்றுவிட்டு, அதே பாறையடிக்குப் போனது.