நிறைமாதத்தில் எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக் கூடாது?

ஏழாம் மாதத்தைக் கடந்த கர்ப்பிணிகளிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். பெரும்பாலானவை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. கேள்விகளைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். வைத்தியசாலைக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒருவருக்கு "இரவு பொறுத்துப் பாருங்கள், காலையில் காட்டலாம்" என்று கூறலாம். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) பிரதான வீதிக்கு இறங்கவே முக்கால் மணித்தியாலம் எடுக்கும் ஒருவருக்கு, அதுவும் மண்சரிவு நேரும் மழைக்காலத்தில், அதே பதிலைக் கூற முடியாது. பதில்கள் சில இடங்களில் கண்டிப்பாகத் தோன்றினால் காரணம் அதுதான்.

கேள்வி: எனக்கு எட்டு மாதம். மாலையானால் இரண்டு கால்களும் வீங்குகின்றன. காலில் நீர் இறங்கியிருக்கிறது, உப்பைக் குறைத்துப் பார்லித் தண்ணீர் குடி என்கிறார் மாமி. போதுமா? (தலவாக்கலை)

பதில்: மாலையில் பாதமும் கணுக்காலும் வீங்கி, இரவு படுத்தெழுந்த பின் வற்றிவிடுமானால், அது பெரும்பாலும் வளர்ந்த கருப்பை இடுப்புப் பகுதியின் இரத்தக் குழாய்களை அழுத்துவதாலும், நாள் முழுதும் மலையில் நிற்பதாலும் வருவது. கால்களைச் சற்று உயர்த்தி வைத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து ஓய்வெடுத்தால் குறையும். உப்பை நிறுத்துவதால் இந்த வீக்கம் வற்றாது. பார்லித் தண்ணீர் தீங்கு செய்யாது. ஆனால் அது மருந்தும் அன்று. மாமியிடம் வாதாட வேண்டாம், பார்லியைக் குடித்துவிட்டுக் கிளினிக்குக்கும் போங்கள்.

நான் அஞ்சுவது வேறொரு வீக்கத்துக்கு. காலையில் எழும்போதே முகம் ஊதியிருப்பது, வளையலும் மோதிரமும் திடீரென இறுகுவது, பனடோல் (பரசிட்டமோல்) குடித்தும் விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது போலவோ மின்னுவது போலவோ தெரிவது, விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 20 வாரங்களுக்குப் பின் குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் அதை முன்சூல்வலிப்பு என்கிறோம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து நேரலாம். இதில் ஏமாற்றும் விடயம், பிரஷர் கூடியிருக்கும் பெண் பல வேளைகளில் நலமாகவே உணர்வார் என்பதுதான். "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடுமே" என்று நினைத்து ஒரு தவணையை விடுபவர், குருதியமுக்கத்தை அளந்து பார்க்கும் ஒரே வாய்ப்பையும் விட்டுவிடுகிறார்.

கேள்வி: நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையைக் குடித்தால் இன்னும் கூடுகிறது. அதனால் நிறுத்திவிட்டேன். தவறா? (பொகவந்தலாவை)

பதில்: தவறுதான், ஆனால் மிகப் பலர் செய்யும் தவறு. கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையத்தைத் தளர்த்திவிடுகின்றன. கீழிருந்து கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. எனவே அமிலம் நெஞ்சுக்கு ஏறுகிறது. மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் ரொட்டியும் உறைப்பான சம்பலும் சாப்பிட்ட கையோடு படுப்பதை விட்டு, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் பலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. அதன் பிறகும் எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் கேட்டு வாங்கலாம். அதை இரும்பு மாத்திரையுடன் சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும். கல்சியம் மாத்திரைக்கும் இதே விதி.

இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தின்போது எல்லோருக்கும் ஓரளவு இரத்தம் போகும். இரத்தம் குறைந்த பெண்ணின் உடல் அந்த இழப்பைத் தாங்காது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது பொதுவான கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அத்தகைய உயரங்களில் வாழ்பவரின் உடல் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்குவதால், உயரத்துக்கு ஏற்ப அந்த எல்லையையும் சற்றே உயர்த்திப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே மலையில் இருப்பவர் 11 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடைய முடியாது.

இன்னொன்று, தேத்தண்ணீர். தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. மாத்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பும் இரண்டு மணித்தியாலம் பின்பும் தேத்தண்ணீரைத் தவிர்த்து, மாத்திரையைத் தண்ணீருடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ குடியுங்கள். வெறும் வயிற்றில் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். சேரும் அளவு சற்றுக் குறையும், ஆனால் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்; பயம் வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் தாராளமான தண்ணீரும் உதவும்.

கேள்வி: புரண்டு படுத்தால் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்கிறார் அம்மாயி. உண்மையா? (பண்டாரவளை)

பதில்: உண்மை அன்று. கொடி சுற்றுவது உள்ளே பிள்ளை புரள்வதால். நீங்கள் புரள்வதால் அல்ல. ஏறத்தாழ நான்கு பிள்ளைகளில் ஒன்று கழுத்தில் கொடியோடு பிறக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. படுக்கும் முறையில் கவனிக்க வேண்டியது வேறு: 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுத்து உறங்கக் கூடாது. கருப்பையின் பாரம் முதுகுப்புறத்துப் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தி, பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இடமோ வலமோ, ஒருக்களித்துப் படுங்கள்; முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்தால் இடுப்புக்கு இதம். நடுச்சாமத்தில் விழித்து மல்லாந்து கிடப்பதைக் கண்டால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, பாதத்தின் நுனியை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் மாதத்தில் பிள்ளையின் துடிப்பு தானாகக் குறையும் என்று அயலில் எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு குறைந்தால் பயப்பட வேண்டும்? (மஸ்கெலியா)

பதில்: அயலார் சொல்வதில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இடம் நெருக்கமாவதால் உதைப்பது மாறி, உருள்வது போலவும் நெளிவது போலவும் தெரியலாம். ஆனால் அசைவின் எண்ணிக்கை குறையக் கூடாது, கடைசி நாள் வரையிலும் குறையக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென ஒரு வழக்கம் இருக்கும். கொழுந்து பறிக்கும் மும்முரத்தில் அசைவு உங்களுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்துக் கவனித்து அந்த வழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள்.

குறைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தால், இடப்பக்கமாகப் படுத்து வேறு எதிலும் மனம் செலுத்தாமல் எண்ணிப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் பத்து அசைவுகள் தெரியாவிட்டால் உடனே புறப்பட வேண்டும். இனிப்பாக எதையாவது குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது கூடாது. முற்றாக நின்றுவிட்டது என்று தோன்றினால் இரண்டு மணித்தியாலமும் வேண்டாம். பரிசோதித்து "ஒன்றும் இல்லை" என்று திருப்பியனுப்பினால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. மறுநாள் மீண்டும் குறைந்தால் மறுநாளும் போங்கள்.

கேள்வி: மழையில் மலையிலிருந்து இறங்கும்போது வழுக்கி வயிறு இடிபட விழுந்துவிட்டேன். வலி இல்லை, இரத்தமும் இல்லை. காட்ட வேண்டுமா? இடுப்பு வலிக்கு எந்த மாத்திரை குடிக்கலாம்? (பூண்டுலோயா)

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும். வயிற்றில் அடி பட்டால் நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து சிறிது பிரிந்து, வெளியே இரத்தம் வராமலேயே உள்ளே கசியலாம். சில மணித்தியாலம் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் இரத்த வகை நெகடிவ் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருந்தால், முதலில் அதைக் கூறுங்கள். அடிபட்ட 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு.

கடைசி மாதங்களில் உடலின் பாரம் முன்னே சாய்கிறது, மூட்டுகளின் இணைப்புகள் தளர்கின்றன, காலடி கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நிலையில் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்குவது விழுவதற்கு வழி. இடுப்பு வலிக்கும் அதுவே பெரும் காரணம். இலகுவான வேலை தர வேண்டும் என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். கங்காணியிடம் வாயால் கேட்பதைவிட அது எடுபடும். வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டை, தேவைப்படும்போது மட்டும், ஆறு மணித்தியால இடைவெளியில் குடிக்கலாம். கடையில் தனியாக வெட்டித் தரும் டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை இந்தக் காலத்தில் கூடவே கூடாது. அவை பிள்ளையின் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கேள்வி: உடம்பெல்லாம் அரிக்கிறது. தோட்டத்தில் அட்டை கடித்ததால் இருக்குமா? (கொட்டகலை)

பதில்: அட்டை கடித்த இடம் மட்டும் அரித்தால் கழுவிச் சுத்தமாக வைத்தால் போதும், அதனால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. வயிற்றுத் தோல் விரிவதாலும் அரிக்கும், அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். ஆனால் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் அது கூடினால் ஈரலில் பித்தம் தேங்குவதாக இருக்கலாம். எண்ணெய் பூசிக்கொண்டிராமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கேள்வி: கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை, செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? (வட்டவளை)

பதில்: முதலில் உங்கள் மருத்துவமாதுவிடம். அவர் வயிற்றை அளக்க மட்டும் வருபவர் அல்லர். முதல் பிரசவத்துக்கு முன் ஓரளவு பயம் எல்லோருக்கும் வரும். பகலில் கணவருடன் பேசி, பிரசவத் திகதிக்கு எத்தனை நாள் முன்பு அவர் வந்துசேர வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டால் அதில் பாதி அடங்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சாப்பாட்டிலும் பேச்சிலும் மனம் செல்லாமல் இருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அதை நோயாகக் கருதி வைத்தியரிடம் கூறுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேள்வி: மனைவிக்கு இது இரண்டாவது பிள்ளை. சூட்டு வலி எது, பிரசவ வலி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிங்களம் தெரியாமல் வைத்தியசாலையில் என்ன செய்வது? (நோர்வூட்)

பதில்: கணவர் ஒருவர் கேட்டிருப்பதில் மகிழ்ச்சி. சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வந்து, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி பெரும்பாலும் முதுகில் தொடங்கி முன்வயிற்றுக்கு வந்து இறுக்கும். இடைவெளி குறையக் குறைய வலி நீளும். சீரகத் தண்ணீர் கொடுத்து அடங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் தீங்கில்லாதது. ஆமணக்கெண்ணெய் கொடுப்பது அப்படியன்று, அது வயிற்றோட்டத்தை உண்டாக்கிப் பெண்ணைச் சோர்வடையச் செய்யும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் புறப்படலாம் என்று புத்தகங்கள் கூறுவது முதல் பிள்ளைக்காரிக்கும் நகரத்துக்கும் பொருந்தும். இரண்டாவது பிள்ளை விரைவாக வரும். எனவே வலி ஒழுங்காகிவிட்டது என்று தெரிந்தவுடன், அது பத்து நிமிடத்துக்கு ஒன்றாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். தண்ணீர்க்குடம் உடைந்தால், அதிலும் நீர் பச்சையாக இருந்தால், இரத்தம் போனால், 37 வாரத்துக்கு முன் வலி வந்தால், வலியை எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. சுவ செரிய அம்பியுலன்ஸ் 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக வரும். ஆனால் வண்டி லயத்தின் வாசல் வரை வராத தோட்டங்கள் பல. எந்த இடத்தில் வந்து நிற்கும், அதுவரை யார் தூக்குவது, ஓட்டோ யாருடையது என்பதையெல்லாம் பகலிலேயே பேசி வையுங்கள். வீடு மிகத் தொலைவு என்றால் திகதிக்குச் சில நாட்கள் முன்பே வார்ட்டில் சேர முடியுமா என்று கிளினிக்கில் கேட்கலாம்.

மொழியைப் பொறுத்தவரை, தமிழில் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு; இருந்தும் இரவுக் கடமையில் தமிழ் தெரிந்தவர் இல்லாத வார்ட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆகையால் மனைவிக்கு நான்கு தொடர்களைச் சொல்லிக்கொடுங்கள்: வலிக்கிறது என்பதற்கு "ரிதெனவா", இரத்தம் போகிறது என்பதற்கு "லே யனவா", தண்ணீர் போகிறது என்பதற்கு "வத்துர யனவா", பிள்ளை அசையவில்லை என்பதற்கு "பபா ஹெல்லென்னே நே". அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் அட்டைக்குள் வையுங்கள். அட்டையைப் பையில் துணிகளுக்கு மேலே வையுங்கள்; அடியில் வைத்தால் வார்ட்டு வாசலில் எல்லாவற்றையும் கொட்டித் தேட நேரும்.