போதையில் சிக்கிய பிள்ளை: பெற்றோரின் கேள்விகள்

கேள்வி: 19 வயது மகனின் பேன்ட் பாக்கெட்டில் கஞ்சா பொட்டலம் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்று மறைத்துவிட்டேன். சரிதானா?

பதில்: பயம் புரிகிறது அம்மா. ஆனால் நீங்கள் மறைக்க மறைக்க, அவனுக்கு வேண்டிய உதவிதான் தள்ளிப்போகும். கணவரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள், அடிக்க மாட்டேன் என்ற வாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் போதையில் இல்லாதபோது, சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, "எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேளுங்கள். அப்புறம் அவன் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

கஞ்சாவை நிறுத்தினால் முதல் வாரம் தூக்கம் வராது, பசிக்காது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்குச் சாயங்காலம் ஆறு மணிதான் கண்டம், கூட்டாளிகள் கூப்பிடும் நேரம். அவன் அப்பா தினமும் அந்த நேரத்துக்குப் பால் சொசைட்டிக்கு அவனையும் பைக்கில் கூட்டிப்போனார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கவுன்சலிங்கோடு அதுவும் சேர்ந்துதான் அவனைத் தூக்கி நிறுத்தியது.

கேள்வி: குடியை நிறுத்தும் மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. டைசல்பிராம் என்ற குடி நிறுத்தும் மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்போ குழப்பமோ வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளியே தெரிந்துவிடுமா?

பதில்: சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 மனநலச் சட்டம் தரும் உரிமை. தயங்காமல் போங்கள், எச்ஐவி, ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் தொற்று) பரிசோதனையும் செய்யுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுபோகலாம். முதலில் போனில் பேச போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை.

கேள்வி: மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவன் ஊர்த் திருவிழாவில் குடித்துவிட்டான். எல்லாம் வீணா?

பதில்: இல்லை. அந்த மூன்று மாதம் அவன் சம்பாதித்தது. திட்டாமல், அன்று யார் கூப்பிட்டார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து பேசுங்கள். நாளைக்கே கவுன்சலரிடம் கூட்டிப்போங்கள், நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.